ஒப்புக்கொடுத்த சேவல்

உக்காரு தாயீ, உக்காரு. ஜன்னல் சீட்ட மட்டும் கேக்காத, அது எனக்கு. மத்தபடி தாராளமா உக்காரு. இந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதியா? கீழ வச்சா எவனாவது மிதிச்சிருவான். அய்ய, பயப்படாத, சேவலுதான். கால் கட்டியிருக்கு. தலைய மட்டும் வெளிய நீட்டும், கொத்தாது. கொத்துத கோவமெல்லாம் எனக்குத்தான், அதுக்குக் கெடையாது.

அன்னா அந்தக் கண்டக்டரப் பாரு. என்னயப் பாக்குதான், போன எடுத்து என்னமோ பேசுதான், மறுபடியும் பாக்குதான். பொம்பள ஏறினா டிக்கெட்டக் குடுத்துட்டுப் போவணும். போன்ல என்னலே கொஞ்சல் வேண்டிக்கெடக்கு? காலம் அப்படி.

எங்க போறேன்னா கேக்க? தோப்புவிளை வெலக்குக்கு, ஊருக்கு ரோடு பிரியுத எடத்துக்கு. மகன் வீடா? எனக்கு மகனே கெடையாது. இருந்தான், இப்ப இல்ல. சே சே, மூஞ்சிய அப்படி வைக்காத. செத்துல்லாம் போவல, நல்லாக் கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். நான்தான் அவன ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன். பூரணமா ஒப்புக்கொடுத்துட்டேன். இனி அவனப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டேன்.

லிவிங்ஸ்டன்னு பேரு. லிவின்னு கூப்பிடுவோம். ஒத்த மகன்.

நீ பொட்டு வச்சிருக்கிய, உனக்கு இது புரியாது, சொல்லுதேன் கேளு. நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. எங்களுக்கு ஒரு கஷ்டம் வந்து அது தீராமயே கெடந்துதுன்னு வையி, கோயில்ல என்ன சொல்லுவாவன்னா, அதத் தூக்கிச் சுமக்காத, ஆண்டவர் பாதத்துல வச்சிரும்பாவ. ஒப்புக்கொடுத்துரும்பாவ. சொல்லுததுக்கு நல்லாத்தான் இருக்கு. சொல்லுதவனுக்கு என்ன, அவன் மகனா போனான்? என் மகம்லா போனான்.

எதுக்குப் போனான்னு கேக்கமாட்டியே? நீ கேக்காட்டாலும் சொல்லுதேன்.

அவனுக்குப் பொண்ணு எடுத்தது இந்தத் தோப்புவிளையில, இப்பம் குடியிருக்கதும் அங்கனதான். பிளெஸ்ஸின்னு பேரு, நர்சம்மா. பிள்ள தங்கமான பிள்ளதான், நான் குறை சொல்லமாட்டேன். காதுல கம்மல் கெடையாது, கழுத்துல ஒரு பொட்டு நக கெடையாது, கல்யாணத்தன்னைக்கே மொட்டக் கழுத்தா வந்து நின்னா. ஊரே பார்த்துச்சு. அவிய சபையில நக போடக்கூடாதாம். சரி போட்டும்னு விட்டேன். நான் எவ்வளவு விட்டுக்குடுத்திருக்கேன்னு எவனுக்கும் தெரியாது. அவ சமைக்கத மீன் கொழம்புல புளி பத்தாது. அதக்கூட ரெண்டு மூணு தடவதான் சொல்லியிருக்கேன், அதுக்கு மேல சொன்னதில்ல.

பிள்ள பொறந்துச்சு. பொம்பளப் பிள்ள. ஆஸ்பத்திரியில போயிப் பார்த்தேன், என் மாமியாரு நெத்தி அப்படியே. எங்க சபையில பிள்ளைக்கு மூணு மாசத்துல ஞானஸ்நானம் குடுத்துருவோம், ஐயரு நெத்தியில தண்ணியத் தொட்டு வைப்பாரு. ஐயருன்னா பூணூல் போட்ட ஐயரு இல்ல தாயீ, எங்க பாதிரியார அப்படித்தான் சொல்லுவோம். அவ சபையில அப்படிக் கெடையாதாம். பிள்ள வளர்ந்து, அதுக்குப் புத்தி வந்து, அதுவாக் கேட்டாத்தான் தண்ணியில முக்கி எடுப்பாவளாம். பச்சப்பிள்ள எப்பம் வளர்ந்து எப்பம் கேக்கது? அதுவரைக்கும் என் பேத்தி என்ன, மொட்டையா நிக்கவா?

நான் ஐயர்கிட்ட நாள் குறிச்சேன். வெள்ளப் பட்டுல கவுனு தைக்கக் குடுத்தேன், பந்தல் போட்டேன், தெருவுக்கே பிரியாணி சொன்னேன். அப்புறமாத்தான் போன் போட்டுச் சொன்னேன், இன்ன நாளுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வந்துருங்கன்னு. முன்கூட்டிக் கேக்கலன்னு அவியளுக்கு ஒரு கோவம். எதுக்குக் கேக்கணும்? பிள்ளைக்குச் சட்ட போடும்போது பிள்ளகிட்ட கேட்டா போடுதோம்?

அவ என்ன சொன்னா தெரியுமா? "அத்தே, நாங்க ஜெபம் பண்ணிட்டு முடிவு சொல்லுதோம்." எனக்குத் தீப்பத்திக்கிட்டு வந்துது. இவ பண்ணுதது மட்டும்தான் ஜெபம், நான் பண்ணுதது என்ன ஒப்பாரியா?

அன்னைக்கு ஊரெல்லாம் பந்தல்ல வந்து உக்காந்திருக்கு. இவன் வாறான். ஒத்தையில வாறான். பொண்டாட்டியும் இல்ல பிள்ளையும் இல்ல. வாசல்ல நின்னு ஒரு செருப்பக் கழட்டிட்டு அடுத்ததக் கழட்டப் போறான், "அம்மா, உள்ள வா, பேசணும்"ங்கான். என்னத்த உள்ள வரது? எனக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு. அத்தன பேரு முன்னால கேட்டேன், பிள்ள எங்கலேன்னு. "பிள்ள வரமாட்டா, அவ வளர்ந்து அவளே முடிவு பண்ணட்டும்"ங்கான். மெதுவாத்தான் சொன்னான். அந்த மெதுவுதான் எனக்குக் கோவம். சண்ட போட வந்தவன் சத்தமாச் சண்ட போடணும்.

நானும் ஒரு வார்த்த சொன்னேன். தாய் சொல்லக்கூடாதா? "அப்படின்னா அது என் பேத்தியும் இல்ல, நீ என் மகனும் இல்ல, என் வாசப்படிய இனி மிதிக்காத"ன்னேன். கோவத்துல சொல்லுததுதானே. கேக்கவன் அத அங்கனயே உட்டுட்டு உள்ள வந்திருக்கணும். இவன் என்ன செஞ்சான், கழட்டின ஒத்தச் செருப்பத் திரும்ப மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டான். அந்தச் செருப்பு மாட்டினது இருக்கு பாரு, அதத்தான் என்னால மன்னிக்க முடியல.

அதோட ஒண்ணர வருசம் அவன் வரல. போன் பண்ணல. நானும் பண்ணல. நான் எதுக்குப் பண்ணணும்?

சேவல் தூங்குதா பாரு. தூங்கட்டும்.

அடுத்த கத கிருபாவதி. எங்க பெண்கள் சங்கத் தலைவி. வியாழக்கிழம சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும், யாருக்கு என்ன கஷ்டம்னு சொன்னா எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். ஜெபக்குறிப்புன்னு சொல்லுவோம். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ள அமையணும், இப்படி. அன்னைக்கு இவ எந்திரிச்சு, கண்ண மூடிக்கிட்டு, குரல அப்படியே தேன்ல தோய்ச்சு எடுத்து, "நம்ம தெபோராள் அக்கா குடும்பத்துல சமாதானம் உண்டாகவும், மகன் திரும்பி வரவும், அக்காவுடைய கோபம் தணியவும் ஜெபிப்போம்"ங்கா.

தெபோராள்னா நான்தான்.

நான் கேட்டனா அவகிட்ட? என் கோவத்த ஜெபக்குறிப்பாக்குன்னு நான் கேட்டனா? நானும் கண்ண மூடித்தான் இருந்தேன், தொறந்து பார்த்தா அத்தன பேரும் உருகி உருகி என் கோவத்துக்கு ஜெபிக்காளுவ. நான் எந்திரிச்சு, "எனக்குக் கோவமே கெடையாது, எவளாவது கோவம்னு சொன்னா மரியாத கெட்டுப் போவும்"னு சொல்லிட்டுப் பாய உதறிட்டு வந்தேன். அதுலேருந்து அவ மூஞ்சியில முழிக்கது இல்ல. இந்தக் கிருபாவதியும் அவ மகன் பொன்சிங்கும் பின்னால வாராவ, ஞாபகம் வச்சுக்க. பொன்சிங் என் மவங்கூடப் படிச்சவன். எங்க வீட்டுச் சோத்தத் தின்னே வளந்த பய.

சரி, மனுசங்க வேண்டாம், ஆண்டவர்கிட்டயே கேட்டுருவோம்னு தெனமும் விடியக்காலம் கோயிலுக்குப் போனேன். முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அவன் வரணும். ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு சனம் வெளிய வாற நேரத்துல வரணும். பொண்டாட்டி பின்னால நிக்கணும், பிள்ளைய என் கையில குடுக்கணும், நான் தெரியாம செஞ்சிட்டேன் அம்மான்னு அவன் சொல்லணும். வாற வாரத்துக்குள்ள நடக்கணும்"னு தெளிவாச் சொல்லுவேன். நாம தெளிவாச் சொன்னாத்தானே அவருக்கும் தெரியும்?

பலிபீடத்துப் பக்கத்துல ஐயரு உக்காந்து வாசிச்சுக்கிட்டு இருப்பாரு. நான் கொஞ்சம் சத்தமா ஜெபிக்கவ. ஒருநாள் கூப்பிட்டாரு. சின்ன வயசு ஐயரு, மீச கூட ஒழுங்கா வரல. "அம்மா, நீங்க ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுக்கல. அவருக்கு வேல சொல்லிக்கிட்டு இருக்கீங்க"ங்காரு. என் வயசென்ன, இவரு வயசென்ன! அப்புறமாச் சொன்னாரு, "அறுப்பின் பண்டிக வருதும்மா. உங்களுக்கு அருமையான ஒண்ணக் கொண்டு வந்து படைங்க. அதோட மகன் காரியத்தையும் சேர்த்து அங்கேயே வச்சிருங்க. வச்சத அப்புறம் திரும்பிப் பாக்காதீங்க." எங்க வேதத்துல ஒரு கத உண்டு தாயீ, ஊரு எரியும்போது ஓடச் சொன்னா, ஒருத்தி திரும்பிப் பார்த்தா, அப்படியே உப்புத்தூணா நின்னு போனா. அந்தக் கதையையும் ஞாபகப்படுத்தினாரு.

அருமையான ஒண்ணுன்னா என்கிட்ட என்ன இருக்கு? இந்தச் சேவலுதான். இது சும்மாச் சேவல் இல்ல. அந்தப் பிள்ள பொறந்த வாரம் பொரிச்ச குஞ்சு. கூடப் பொரிச்சதெல்லாம் பருந்துக்கும் பூனைக்கும் போச்சு, இது ஒண்ணு தங்கிச்சு. மகன் பிள்ளையத் தூக்கிட்டு வாற அன்னைக்கு அறுத்துக் கொழம்பு வைக்கணும்னு பொத்திப் பொத்தி வளத்தேன். லிவி அப்பா, எங்க வீட்டுக்காரவியளே ஆசப்பட்டுக் கேட்டாவ, ஒரு காலக்கூடக் குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். அதத்தான் எடுத்துட்டுப் போனேன்.

அறுப்பின் பண்டிக நீ பார்த்ததில்லையே? அவன் அவன் வெளஞ்சதக் கொண்டு வருவான். வாழத்தாரு, பூசணி, முருங்கக்கா, கோழி, ஆட்டுக்குட்டி, எல்லாத்தையும் பலிபீடத்து முன்னால குமிச்சு ஜெபம் பண்ணுவாவ. ஆராதன முடிஞ்சதும் வெளிய பந்தல்ல வச்சு ஏலம். யாரு வேணாலும் எதையும் கேக்கலாம். வாற காசு கோயிலுக்கு. சொந்தத் தோட்டத்து வாழத்தார அவனே ஏலத்துல எடுத்துட்டுப் போறதும் உண்டு. அதுல தப்பே கெடையாது, இத நல்லாக் கேட்டுக்க. எங்க வழக்கத்துல அதுல தப்பே கெடையாது.

சேவலக் கொண்டுபோயி வச்சேன். வச்சுட்டு அது கொண்டைய ஒருக்கா தடவினேன். "ஆண்டவரே, இன்னா, இதையும் எடுத்துக்க, அவனையும் எடுத்துக்க, இனி நான் ஒரு வேலையும் சொல்லமாட்டேன். நீரே பார்த்துக்கிடும்"னேன். பொய் சொல்லல தாயீ, அந்த நிமிசம் எனக்கு நெஞ்சு லேசாத்தான் இருந்துது. நெறைய நாளைக்கப்புறம் மூச்சு அடி வயித்து வரைக்கும் போச்சு. திரும்பிப் பாக்காம வந்து உக்காந்தேன். ஏலத்துக்கும் பந்தல்ல மொத வரிசையில நேராப் பார்த்து உக்காந்தேன். கழுத்த ஒரு நூல் கூடத் திருப்பல. ஐயரு சொன்ன சொல்ல நான் மீறவே இல்ல.

கோயில்பிள்ள, மணியடிக்கவரு, அவருதான் மைக்கப் புடிச்சு ஏலம் விட்டாரு. என் சேவலத் தூக்கிக் காட்டினாரு. யாராவது ரெண்டு பேரு கேப்பாவ, போவும்னு நெனச்சேன். அப்பம் எனக்குப் பின்னால காம்பவுண்டு கேட்டுப் பக்கத்துல இருந்து ஒரு குரலு, மொதக் கேள்வியே பெருசாக் கேக்கு. யாரு குரலு? பொன்சிங் குரலு! கிருபாவதி மகன்!

எனக்கு நெஞ்சுக்குள்ள குபீர்னுது. புரியுதா உனக்கு? இந்தக் கிருபாவதி என் சேவல எடுத்து, அறுத்து, கொழம்பு வச்சு, பெண்கள் சங்கத்துக்கே ஊத்திக் குடுத்து, "தெபோராள் அக்கா மகனையும் விட்டா, சேவலையும் விட்டா"ன்னு சொல்லிச் சிரிக்கப் போறா. விடுவனா? நானும் கேட்டேன். அவன் ஏத்திக் கேட்டான். நான் அதுக்கு மேல ஏத்தினேன். சனம் சிரிக்கி. ஆம்பளைய பக்கத்துல இருந்து எங்க வீட்டுக்காரவிய கைய ஆட்டி ஆட்டி எனக்கு என்னமோ காட்டுதாவ. காசுக்குப் பயந்து வேண்டாம்னு சொல்லுதாவன்னு நெனச்சேன், அந்தக் கோவத்துல இன்னும் ஏத்தினேன். ஒரு ஆடு வாங்குத வெலைக்கு அந்தச் சேவல எடுத்தேன். ஐயரு எந்திரிச்சு என்னயப் பார்த்துக்கிட்டே நின்னாரு. என்னத்தப் பாக்க வேண்டிக்கெடக்கு? திரும்பிப் பாக்காதன்னுதானே சொன்னாரு. ஏலம் கேக்காதன்னு சொல்லலிய.

சேவல வாங்கப் போனேன், கோயில்பிள்ள கையில மைக்கு இருந்துது. நானே புடுங்கிச் சொன்னேன். "என் வீட்டுப் பொருளு என் வீட்டுக்குத்தான் வரும். இதுல ஒரு எறகு கூட எவனுக்கும் கெடையாது. வெளிய போனவன் வெளியவே கெடக்கட்டும்"னேன். கிருபாவதிக்கு ஒறைக்கணும்னு சொன்னேன். கடைசி வார்த்த எங்க இருந்து வந்துதுன்னு எனக்கே தெரியாது. வேப்பமரத்துல குழாய் கட்டியிருந்தாவ. அது ஊரு முழுக்கக் கேட்டுருக்கு.

ஜெயிச்சுட்டேன்னு சேவலத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்தா எங்க வீட்டுக்காரவிய சட்டையக்கூடக் கழட்டாம மொகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு படுத்துக் கெடக்காவ. என்னன்னு கேட்டா போர்வைய இழுத்துத் தலையோட மூடிக்கிட்டாவ. மறுநா அந்தப் பய பொன்சிங் வாறான். வாசல்ல நின்னுக்கிட்டு, "அத்தே, நான் எனக்காகக் கேக்கல"ங்கான். பொறவு யாருக்குலே கேட்ட, உங்கம்மைக்கான்னேன்.

"லிவிக்குக் கேட்டேன்"ங்கான்.

வந்திருக்கான் தாயீ. என் மகன் வந்திருக்கான். பிள்ளையத் தூக்கிக்கிட்டு, பண்டிகைக்கு வந்து, கோயில் காம்பவுண்டுக்கு வெளிய வண்டிய நிறுத்திட்டு நின்னுருக்கான். நான் சேவலப் படைச்சத பொன்சிங் வந்து சொல்ல, உள்ள வரக் கூச்சப்பட்டுக்கிட்டு அவனையே திரும்ப அனுப்பியிருக்கான். "எங்கம்ம சேவல எப்படியாவது எடுத்துக் குடுலே. அதக் கையில வச்சுக்கிட்டு, அம்மா, இத அறுத்துக் கொழம்பு வையி, பிள்ளைக்குப் பசிக்குன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள போயிருவேன்"னு சொல்லியிருக்கான். வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னம்லா, வெறுங்கையோட எப்படி வருவான்? அதுக்கு ஒரு சேவல் வேண்டியிருந்துது அவனுக்கு. அந்தச் சேவலுக்குத்தான் நான் மல்லுக்கட்டினேன். எங்க வீட்டுக்காரவிய கேட்டுப் பக்கம் அவனப் பார்த்துட்டுத்தான் கைய ஆட்டியிருக்காவ, திரும்பிப் பாரு, திரும்பிப் பாருன்னு. நான் எப்படித் திரும்புவேன்? ஐயரு திரும்பக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே!

குழாயில நான் பேசினதக் கேட்டுட்டு வண்டியத் திருப்பிட்டான். பிள்ள அழுதுச்சாம், கோழி கோழின்னு.

இதுல என் தப்பு என்ன, நீயே சொல்லு. சொல்லு! பொன்சிங் மொதக் கேள்வியிலயே, அத்தே இது லிவிக்குன்னு ஒரு சத்தம் குடுத்தா வாய் வெந்தா போவும்? எங்க வீட்டுக்காரவிய கைய ஆட்டுததுக்கு எந்திரிச்சு வந்து சொன்னா கால் தேஞ்சா போவும்? சரி, மனுசங்கதான் கூறுகெட்ட சென்மம். ஆண்டவர் எங்க போனாரு? நான் உப்புத்தூணு கணக்கா உக்காந்திருக்கேன், எனக்குப் பின்னால எம்புட்டுக்கிட்ட என் மகன் நிக்கான். ஒரு ஈயையாவது விட்டு என் காதுல கடிக்க வைக்க முடியாதா அவரால? கடல் தண்ணிய ரெண்டா நிறுத்தினவருக்கு ஒரு ஈக்கா வழியில்ல?

நேரா ஐயரு வீட்டுக்குப் போனேன். ஐயரு மதியச் சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு. இருக்கட்டும்னு உள்ள போயிக் கேட்டேன். "நான் ஒப்புக்கொடுத்தேனே! என் கையாலயே கொண்டுவந்து வச்சேனே! உங்க ஆண்டவரு என்ன செஞ்சாருன்னு பார்த்தீரா?"ன்னு கேட்டேன். அவரு பெசஞ்ச சோத்த அப்படியே வச்சுட்டு, "அவரு செஞ்சாரும்மா. மத்தியானத்துக்குள்ளயே கொண்டுவந்து விட்டாரு. நீங்கதான் வச்சீங்க, கைய எடுக்கல"ங்காரு.

கையாம் கை. என் கை. பத்து மாசம் சுமந்து பெத்து, இந்தக் கையாலதான் குளிப்பாட்டி, இந்தக் கையாலதான் ஊட்டி வளத்தேன். கைய எடுன்னா எங்க எடுக்கது? எடுத்து எங்க வைக்கது? அதச் சொல்லிக் குடுக்கலியே எவனும்! வேப்பமரத்துலயா கொண்டு தொங்கவிட? "உம்ம சோத்தத் தின்னும்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எங்க வீட்டுக்காரவிய அன்னைக்குச் சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்து, "அந்தச் சேவல அறுத்து ஒழிச்சுரு, பாக்கச் சகிக்கல"ன்னாவ. கத்தியத் தீட்டி வச்சேன். முடியல. கழுத்தப் புடிச்சா, கோழி கோழின்னு அந்தப் பிள்ள அழுதது கேக்கு. நான் கேக்காத சத்தம். அது எப்படிக் கேக்கு? போ, நீயும் இருன்னு கூட்டுல அடச்சேன். அது என்னடான்னா தெனமும் விடியக்காலம் கூவி, நான் ஜெபிக்க எந்திரிக்கதுக்கு முன்னால எனக்குப் பதிலா ஜெபிக்கி.

இப்பமும் தெனமும் கோயிலுக்குப் போறேன், போவாம இல்ல. ஆனா வாயில ஒண்ணும் வரமாட்டேங்கு. வரணும், நிக்கணும், சொல்லணும்னு முன்னால வரிசையா வருமே, இப்பம் ஒண்ணும் வரல. முழங்கால் போட்டுக்கிட்டு, "எனக்கு உம்மேல கோவம்"னு மட்டும் சொல்லுவேன். சொல்லிட்டு அழுவேன். அழுதுட்டு எந்திரிச்சு வந்துருவேன்.

என்ன, வண்டி மெதுவாப் போவுது? தோப்புவிளையா? வந்துட்டா?

இன்னா, கண்டக்டர் வாறான். என்ன தம்பி? வெலக்கு வருது எறங்கணுமா? நான் எறங்கல. வடசேரி பஸ்ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட்டுப் போடு. என்ன மொறைக்க? காசு குடுக்கேன்லா?

அவன் சொல்லுததக் கேட்டியா தாயீ, "இன்னைக்கும் வடசேரி வரைக்கும் போயிட்டு இதே வண்டியில திரும்பிரப் போறியளா"ன்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுதான். ஆமாலே, திரும்பிருவேன். உனக்கென்ன? வண்டியில சும்மா ஏறினனா?

ஆமா தாயீ. மறைக்க என்ன இருக்கு? இது மூணாவது தடவ. சேவலத் தூக்கிட்டு வாறேன், வெலக்கு வரைக்கும் வாறேன், கால் எந்திரிக்க மாட்டேங்கு. வடசேரியில எறங்கி ஒரு டீயக் குடிச்சுட்டு இதே வண்டியில ஏறிருவேன். சேவலுக்கே வழி மனப்பாடம் ஆயிருக்கும். பாக்கத மாதிரி பாக்காத. எப்படி எறங்குவேன்? என் வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னவ நான். நான் போயி அவன் வாசப்படிய மிதிக்கவா? அவ பார்த்துக்கிட்டு நிப்பாளே, மொட்டக் கழுத்தோட, மெதுவா, "வாங்க அத்தே"ம்பாளே! அந்த ஒரு 'வாங்க'வ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கேக்கது? அவன் வந்தான்னா வேற. அவன் வாறதுதான் மொற. நான் ஒப்புக்கொடுத்துட்டேன், ஆண்டவரு பார்த்துக்கிடுவாரு, எனக்கென்ன வந்துது, எனக்கு மகனே...

ஏ தாயீ.

அன்னா, பஸ் நிக்கித நெழல்கொடைக்கிட்ட. அந்த நீலச்சட்ட. அது யாரு? என் கண்ணு சரியாத் தெரியல, நீ பாரு, இடுப்புல பிள்ள இருக்கா? மஞ்சக் கவுனா? நெத்தி அகலமா?

ஏலே கண்டக்டர்! நீதானா? போன்ல கொஞ்சிக்கிட்டு வந்தது இதுக்குத்தானா? உன் வேலைய எவன்லே பாக்கச் சொன்னான்! ஆமா, மூணு தடவ இந்தக் கதையக் கேட்டவனுக்கு, தோப்புவிளை நர்சம்மா வீடு எதுன்னு தெரியாதாக்கும். சிரிக்காதலே. விசிலடிக்காத, நிறுத்து! நிறுத்துன்னா நிறுத்து! தாயீ, கொஞ்சம் எந்திரி, வழிய விடு. ஜன்னல் சீட்ட நீயே எடுத்துக்க. எம்மா, முட்டு புடிச்சுக்கிட்டு, கைய விடு தம்பி, நானே எறங்குவேன், எனக்கு என்ன வயசாயிட்டு?

ஏலே லிவி! என்னலே பிள்ளைய இந்த வெயில்ல நிறுத்தி வச்சிருக்க? தலையில ஒரு துணி போடத் தெரியாதா? உன் பொண்டாட்டிக்கு அறிவில்லயா? செருப்பு எங்கலே? காலு பொரியுத ரோட்டுல செருப்புகூடப் போடாம ஓடி வந்திருக்கான் பாரு, கூறுகெட்ட பய. அழாதலே. ரோட்டுல நின்னு ஆம்பள அழுவானா? நான் அழல, எனக்குக் கண்ணுல தூசி. ஏட்டி, என்னட்டி பாக்க? கோழி இல்லட்டி, நான் அப்பாச்சி. அப்பாச்சி. வாறியா? வாறியா என்கிட்ட?

ஏ தாயீ! பஸ்காரத் தாயீ! எதுக்கு ஜன்னல் வழியா அந்தப் பைய நீட்டுத? உள்ள வையி, அது உனக்குத்தான், கொண்டு போயிக் கொழம்பு வச்சுத் தின்னு. பிள்ள தாவுது, எனக்கு இப்பம் ரெண்டு கையும் வேணும்.